வெறும் பாத்திரம் திரும்பக் கூடாது: வீட்டுப் பலகாரத்தாலும் கைவேலையாலும் நன்றி செய்யும் முறை

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் பாயசம் வந்தால், அந்தக் கிண்ணத்தைக் கழுவி அப்படியே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் யாரும் எழுதி வைக்காமலேயே கைமாறி வந்த வழக்கம். கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாத நாளில்கூட இரண்டு கரண்டி சர்க்கரையோ கொல்லையில் பறித்த ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ போட்டுத்தான் என் அம்மா பாத்திரத்தை அனுப்புவார். ‘நன்றி’ என்று வாயால் சொல்லும் பழக்கம் எங்கள் தெருவில் யாருக்கும் இருந்ததில்லை. பழந்தமிழில் அந்தச் சொல்லுக்கு நன்மை, உதவி என்றே பொருள்; செய்ந்நன்றி என்றால் ஒருவர் செய்த உதவி. நன்றியைச் சொல்வதைவிடச் செய்வதே அந்தச் சொல்லோடு பொருந்திப் போகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இந்த வழக்கத்தை நான் ஒருமுறை தவறவிட்டேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் என் மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து மதுரையில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, எதிர்வீட்டு அக்கா ஒன்பது நாள் விடாமல் ஒரு தூக்குச்சட்டியில் ரசமும் சாதமும் மருத்துவமனைக்குக் கொடுத்தனுப்பினார். வீடு திரும்பிய பிறகு அந்தத் தூக்கை ஒரு நல்ல சேலையோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்து நாளைத் தள்ளினேன். தீபாவளி போயிற்று, பொங்கலும் போயிற்று. நாள் ஆக ஆகக் கூச்சம் கூடி, அவரைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டது. ஏழாவது மாதம் அவரே வாசலுக்கு வந்து, “அந்தத் தூக்குல எங்க மாமனார் பேரு வெட்டியிருக்கும்மா, அவரு திவசத்துக்கு எடுத்து வைக்கணும், கொஞ்சம் தர்றியா?” என்று கேட்டார். ஒன்பது நாள் சோறு வந்த அந்தத் தூக்கை அன்று வெறும் தூக்காகவே அவர் கையில் கொடுத்தேன்.

பெரிதாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணமே செய்யவிடாமல் தடுக்கும் என்பதை அதற்குப் பிறகுதான் உணர்ந்தேன். உதவி கிடைத்த ஏழு நாளுக்குள், வீட்டில் இருக்கும் பொருளைக் கொண்டு, என் கையால் செய்த ஒன்று போய்ச் சேர வேண்டும் என்று அன்று முதல் ஒரு முறை வைத்திருக்கிறேன். அந்த முறையைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

குறித்து வைத்தல்

நாம் நன்றி மறப்பவர்கள் என்பதைவிட, உதவியை மறந்துபோகிறவர்கள் என்பதே சரியாக இருக்கும். மழை வந்தபோது மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்து வைத்தவர், ரேஷன் கடை வரிசையில் நமக்கும் சேர்த்து இடம் பிடித்தவர், நாம் இல்லாதபோது வந்த எரிவாயு உருளையை வாங்கி உள்ளே வைத்தவர் என்று ஒரு வாரத்தில் நமக்கு உதவியவர்களை எண்ணினால் பத்துப் பேருக்குக் குறைய மாட்டார்கள். அடுத்த வாரம் கேட்டால் இருவர் பெயர்தான் நினைவில் இருக்கும்.

இதற்குத் தினசரி நாட்காட்டியே போதும். காலையில் தேதித்தாளைக் கிழிக்கும்போது அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தால், முந்தைய நாள் யார் என்ன செய்தார்கள் என்பதை ஒரே வரியில் எழுதி, சமையலறை அலமாரியில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வையுங்கள். தாளின் முன்பக்கமே தேதியைச் சொல்லிவிடுவதால் அதைத் தனியாக எழுத வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காப்பி குடிக்கும்போது பாட்டிலைக் கவிழ்த்துப் படித்தால், அந்த வாரம் யாருக்கு என்ன கொண்டுபோக வேண்டும் என்பது தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். ‘பஸ்ஸில் ஒரு அண்ணன் என் பையை மடியில் வைத்துக்கொண்டார்’ என்று என் மகள் எழுதிய தாளுக்குப் பதில் செய்ய வழியில்லை. ஆனாலும் அது பாட்டிலில்தான் இருக்கிறது.

பிறர் வீட்டுப் பாத்திரங்களுக்கு மட்டும் அலமாரியில் ஒரு தனித் தட்டு ஒதுக்குவது அவசியம். நம் பாத்திரங்களோடு கலந்துவிட்டால் ஆறு மாதம் கழித்து யாருடையது என்றே தெரியாமல் போகும். எவர்சில்வர் பாத்திரமாக இருந்தால் விளிம்பையோ அடிப்பக்கத்தையோ பாருங்கள். பாத்திரக் கடையில் வெட்டித் தந்த பெயரோ முதலெழுத்தோ, சில சமயம் திருமண நாளோ இருக்கும். கல்யாணத்துக்கு மொய்யாக வந்ததும், இறந்துபோனவர் ஒருவர் பயன்படுத்தியதும் அவற்றுள் இருக்கக்கூடும். பார்வைக்குச் சாதாரணக் கிண்ணம்தானே என்று அசட்டையாக இருக்கக் கூடாது.

பாத்திரத்தில் போடுவதற்கு: மாவுருண்டை

பதில் பலகாரத்துக்கு நான் பார்க்கும் தகுதிகள் மூன்று. பத்து நாளாவது கெடாமல் இருக்க வேண்டும். கடைக்கு ஓடாமல் வீட்டில் இருப்பதை வைத்தே செய்ய முடிய வேண்டும். வாங்கியவர் அன்றே தின்று தீர்க்க வேண்டிய கட்டாயமும் இருக்கக் கூடாது. இந்த மூன்றுக்கும் ஈடு கொடுப்பது, மதுரையிலும் செட்டிநாட்டுப் பக்கமும் பழக்கமான பாசிப்பருப்பு மாவுருண்டை.

பாசிப்பருப்பு 200 கிராம், சர்க்கரை 200 கிராம், நெய் 100 கிராம், ஏலக்காய் 4, விருப்பமானால் முந்திரி 10 எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன எலுமிச்சை அளவில் சுமார் இருபது உருண்டை கிடைக்கும். அதிகத் தித்திப்பு வேண்டாதவர்கள் சர்க்கரையை 170 கிராமாகக் குறைக்கலாம்.

பருப்பைக் கழுவக் கூடாது. ஈரம் பட்டால் சீக்கிரம் கெடும். சுத்தமான துணியில் போட்டுத் துடைத்தாலே போதும். அடிகனமான வாணலியில் எண்ணெய் விடாமல் சிறு தீயில் பத்து அல்லது பன்னிரண்டு நிமிடம் கைவிடாமல் வறுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். முதலில் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். பிறகு பச்சை வாசம் போய்க் கடலை வறுத்தது போன்ற மணம் வரும். அதற்கும் சற்றுப் பின்னால் பருப்பு பொன்னிறத்திலிருந்து லேசாகச் சிவக்கத் தொடங்கும். அந்த நிறம் தெரிந்த உடனே அடுப்பை அணைத்து அகலமான தட்டில் கொட்டிவிட வேண்டும். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் மேலும் சிவந்து கசக்கும். ஒரு பருப்பை வாயில் போட்டுக் கடித்தால் ‘நறுக்’கென்று உடைய வேண்டும், மாவுபோல் ஒட்டினால் இன்னும் இரண்டு நிமிடம் வறுக்க வேண்டும்.

முழுவதும் ஆறிய பிறகு மிக்ஸியில் நைசாக அரைத்துச் சலித்து, சல்லடையில் நிற்கும் ரவையை மறுபடி அரையுங்கள். சர்க்கரையையும் ஏலக்காயையும் சேர்த்துத் தனியே பொடியாக்கி மாவோடு கலந்து, கட்டி இல்லாமல் கையால் பிசறிவிடுங்கள். ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தால் இனிப்பு எடுப்பாகத் தெரியும். முந்திரியை நெய்யில் வறுத்துப் பொடித்துப் போட்ட பின், மீதி நெய்யை நன்றாகச் சூடாக்க வேண்டும். ஆனால் புகைய விடக் கூடாது. மாவின் நடுவில் குழி செய்து பாதி நெய்யை ஊற்றிக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிடிக்கத் தொடங்குங்கள்.

பிடிக்கும் கைக்கு ஒரு பக்குவம் உண்டு. மாவை அள்ளி உடனே உருட்டினால் உதிர்ந்துபோகும். முதலில் நான்கு விரலையும் மடக்கி உள்ளங்கையில் வைத்து அழுத்த வேண்டும். மாவு விரல்களின் தடத்தோடு கொழுக்கட்டை போல இறுகும். பிறகு கையைத் திருப்பி இன்னொருமுறை அழுத்தி, அதற்கு மேல்தான் இரண்டு கையாலும் உருட்ட வேண்டும். உருண்டையின் மேல்புறம் லேசாக மினுங்கினால் நெய் போதும் என்று பொருள். விரிசல் விட்டால் மீதியுள்ள நெய்யை மறுபடி சூடாக்கி ஒரு கரண்டி ஊற்றிக்கொள்ளுங்கள். சிலர் அவசரத்துக்குப் பால் தெளித்துப் பிடிப்பார்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் இரண்டே நாளில் ஊசிப்போகும் என்பதால் கொடுத்தனுப்பும் பலகாரத்துக்கு அது ஆகாது. ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ஈரமில்லாத டப்பாவில் போட்டு மூடினால் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை தாங்கும்.

இனிப்பு ஆகாத வீட்டுக்கு

இனிப்புக் கொடுப்பதற்கு முன் அந்த வீட்டின் நிலையை ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு மாவுருண்டையைக் கொடுத்துவிட்டு, “நீங்க சாப்பிடாட்டியும் பிள்ளைங்களுக்குக் கொடுங்க” என்று சொல்வது, அவருக்கென்று நாம் எதுவுமே செய்யவில்லை என்று சொல்வதற்குச் சமம். துக்கம் நடந்த வீட்டுக்கு இனிப்புக் கொண்டுபோவதும் வழக்கமில்லை. இந்த வீடுகளுக்கும், தனியாகச் சமைத்துச் சாப்பிடும் முதியவர்களுக்கும், விடுதிகளில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் பருப்புப் பொடியே பொருத்தம். சூடான சோறும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் இருந்தால், குழம்பு வைக்க முடியாத ஒருநாள் அவர்களுக்கு அதைக்கொண்டு கழிந்துவிடும்.

துவரம்பருப்பு 150 கிராமைச் சிறு தீயில் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே வாணலியில் மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் 6, ஈரம் போகத் துடைத்த கறிவேப்பிலை ஒரு கைப்பிடி ஆகியவற்றைக் கறிவேப்பிலை நொறுங்கும் வரை வறுக்க வேண்டும். பொட்டுக்கடலை 50 கிராம் ஏற்கெனவே வறுபட்டது என்பதால் அடுப்பை அணைத்த பின் அந்தச் சூட்டில் புரட்டினாலே போதும். கல்லுப்பையும் லேசாக வறுத்துச் சேருங்கள். உப்பின் ஈரம் போனால்தான் பொடி கட்டி தட்டாது. ஆறிய பின் பெருங்காயத்தூளோடு சேர்த்துக் கொரகொரப்பும் இல்லாமல் நைசாகவும் இல்லாமல் நடுப்பதமாக அரைத்து, தாளில் பரப்பிச் சூடு முற்றும் தணிந்த பிறகே பாட்டிலில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்த நீர் பொடியில் சொட்டும். இந்தப் பொடி ஒரு மாதம் இருக்கும். பூண்டு சேர்த்தால் மணம் கூடும், ஆனால் இருப்பு நாள் குறையும்.

அடுப்பு மூட்டவே நேரமில்லாத நாளில் வீட்டில் காய்த்த நான்கு எலுமிச்சைக்காயோ ஒரு கட்டு முருங்கைக்கீரையோ இரண்டு வாழைப்பழமோ போதும். இதில் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு கட்டுப்பாடு உண்டு: உப்பு, எள், எண்ணெய், மிளகாய் ஆகியவற்றைச் சிலர் கைக்குக் கை வாங்க மாட்டார்கள். நமக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வாங்குகிறவருக்குச் சங்கடம் தராதிருப்பதும் நன்றியில் சேர்ந்ததுதான். எள்ளுருண்டை எனக்கு மிகவும் பிடித்த பலகாரம். ஆனால் கொடுத்தனுப்புவதற்கு அதைச் செய்வதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குப்பை வண்டியோடு வரும் அக்காவுக்கும், தண்ணீர் கேன் சுமந்து மாடி ஏறும் தம்பிக்கும், துணி தேய்க்கும் அண்ணனுக்கும் கொடுக்கும்போது, உடைந்த உருண்டையையும் நேற்றைய மிச்சத்தையும் ஒதுக்கி வைத்துக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அவர்களுக்கென்று தனித் தட்டும் தனி டம்ளரும் வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அது நன்றி ஆகாது, அவமதிப்பு. முதல் ஈட்டில் பிடித்த நல்ல உருண்டைகளையே எடுத்து, மற்றவர்களுக்குக் கட்டும் அதே பையில் கட்டி, அதே வாசலில் நின்று இரு கையாலும் கொடுங்கள்.

கட்டிக் கொடுத்தல்

வந்த பாத்திரம் இருந்தால் அதிலேயே போட்டு அனுப்பிவிடலாம். பாத்திரமே வராத உதவிகளுக்குத்தான் கைவேலை தேவைப்படுகிறது.

முதலில் தவிர்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பலகாரத்தைச் செய்தித்தாளில் மடிப்பது நம் கைக்குப் பழகிய வேலை. ஆனால் அச்சு மையில் உள்ள வேதிப்பொருள்கள், சூடும் நெய்ப்பசையும் உள்ள பண்டத்தில் எளிதில் ஏறிவிடும் என்பதால், உணவைச் செய்தித்தாளில் சுற்றக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே சொல்லியிருக்கிறது. பிளாஸ்டிக் கைப்பைகளும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டவை. ஆகவே பண்டத்தைத் தொடும் உள்ளுறையாக இலை அல்லது கண்ணாடிப் பாட்டில், வெளியே துணிப்பை என்று வைத்துக்கொள்வது நல்லது.

அன்றே சாப்பிடக்கூடிய சுண்டல், கொழுக்கட்டை போன்றவற்றுக்கு வாழையிலை போதும். இலையின் நடுநரம்பை நீக்கி, அடுப்புத் தீயில் படாமல் மேலாக ஒருமுறை இழுத்தால், இலை கரும்பச்சையாகிப் பளபளத்து, மடித்தாலும் கிழியாத பதத்துக்கு வரும். கட்டுவதற்கு வாழைநாரைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்தால் நூல்போல வளையும். மாவுருண்டைக்குப் பச்சை இலை ஆகாது. இலையின் ஈரம் உருண்டையில் ஏறிவிடும். அதற்கு நன்றாகத் துடைத்துக் காயவைத்த வாழைச்சருகோ பழைய பாட்டிலோதான் சரி. பாட்டிலில் ஒட்டிய காகிதத்தை வெந்நீரில் ஊறவைத்து உரித்து, மிச்சமுள்ள பசையின் மேல் தேங்காய் எண்ணெயும் ஆப்ப சோடாவும் குழைத்துத் தடவி அரை மணி கழித்துத் தேய்த்தால் போய்விடும்.

செட்டிநாட்டில் பனையோலையில் பின்னும் கொட்டான் இந்த வேலைக்கென்றே பிறந்தது போன்ற அழகான பெட்டி. புவிசார் குறியீடும் பெற்றது. அதைப் பின்னுவதை எழுத்தில் கற்றுத்தர முடியாது, பின்னுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் பழக வேண்டும். பின்னுகிற பெண்களிடமிருந்து விலைக்கு வாங்கிக் கொடுத்தால் அதுவும் நல்ல காரியமே. வீட்டில் எல்லோராலும் தைக்க முடிந்தது சுருக்குப்பை.

பழைய சேலையில் சுருக்குப்பை

நூல் சேலையாக இருப்பது நல்லது. வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்து, இழை விட்டுப்போன இடங்களை ஒதுக்கிவிட்டு, கெட்டியான பகுதியை மட்டும் எடுத்து, துவைத்து, தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறருக்குக் கொடுப்பதற்கு முன் அந்தச் சேலை யாருடையது என்று வீட்டில் கேட்டுவிடுவது நல்லது. பாட்டியின் சேலையை வெட்டிவிட்டு வருந்தியவர்கள் உண்டு.

சேலையின் நீளவாக்கில் 22 சென்டிமீட்டர், அகலவாக்கில் 54 சென்டிமீட்டர் என்ற அளவில் வெட்டுங்கள். சேலையின் அகலம் பொதுவாக ஒரு மீட்டருக்குச் சற்று மேல் இருப்பதால், ஒரு கரையிலிருந்து ஒரு துண்டும் எதிர்க்கரையிலிருந்து ஒரு துண்டுமாக இரண்டு பைகள் கிடைக்கும். ஒவ்வொன்றின் வாயிலும் சேலையின் கரை வந்து அழகு தரும். கரை இருக்கும் ஓரத்தையும் எதிர் ஓரத்தையும் ஒன்றாகச் சேர்த்து, நல்ல பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்தால் 27 சென்டிமீட்டர் உயரமும் 22 சென்டிமீட்டர் அகலமும் உள்ள உறை போலாகும். அடிப்பக்கம் மடிப்பு என்பதால் அங்கே தையல் வேண்டாம்.

இரு பக்கமும் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, அடியிலிருந்து மேல்நோக்கித் தைத்துக்கொண்டு வந்து, வாய்க்கு 5 சென்டிமீட்டர் கீழே நிறுத்திவிடுங்கள். தையல் இயந்திரம் இல்லாவிட்டால், ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைப் பாதி தூரம் பின்னுக்குக் கொண்டுவந்து குத்தித் தைத்தால் பலமாக இருக்கும். தைக்காமல் விட்ட 5 சென்டிமீட்டர் ஓரங்களை ஒரு சென்டிமீட்டர் உள்ளே மடித்துத் தைத்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் நாடா போகும்போதெல்லாம் இழை பிரிந்து வரும். பிறகு வாயின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியே முதலில் அரை சென்டிமீட்டரும், அதற்கு மேல் 2 சென்டிமீட்டரும் உள்ளே மடித்துக் கீழ் ஓரத்தில் தைத்தால், நாடா நுழையும் குழல் முன்னும் பின்னும் உருவாகும்.

பாவாடை நாடாவில் 60 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒரு நாடாவின் நுனியில் ஊக்கைக் குத்தி, வலப்பக்கத்தில் நுழைத்து முன் குழல் வழியே இடப்பக்கம் கொண்டுபோய், பின் குழல் வழியே திரும்பி வலப்பக்கத்திலேயே வெளியே எடுத்து இரு முனைகளையும் முடிச்சுப் போடுங்கள். இரண்டாவது நாடாவை இடப்பக்கத்தில் தொடங்கி அதே போல ஒரு சுற்றுச் சுற்றி இடப்பக்கத்திலேயே முடியுங்கள். பையைத் திருப்பி இரு முடிச்சையும் எதிரெதிரே இழுத்தால் வாய் சுருங்கி மூடிக்கொள்ளும். முதல் பைக்கு ஒரு மணி நேரம் ஆகும். நான்காவது பையை அரை மணியில் முடித்துவிடலாம்.

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்துக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் இந்தப் பையையும் மஞ்சளாக்க வேண்டும் என்று கேட்டார்கள். வெள்ளை நூல் துணியாக இருந்தால், ஒரு லிட்டர் கொதிநீரில் இரண்டு மேசைக்கரண்டி மஞ்சள்தூள் கரைத்து அரை மணி ஊறவைத்து அலசி, நிழலில் காயப்போடலாம். மஞ்சள் சாயம் வெயிலில் வெளுத்துப்போகும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

சிவப்பாகும் எழுத்து

அதே மஞ்சளில் ஒரு வாழ்த்து அட்டையும் செய்யலாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கி எறிய மனமில்லாமல் எல்லா வீட்டிலும் ஒரு கட்டு இருக்கும். அவற்றில் அச்சில்லாத, வழவழப்பு இல்லாத பக்கத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை மூன்று தேக்கரண்டி நீரில் குழைத்து, பஞ்சால் மெல்லிதாகத் தடவி நிழலில் உலர்த்தி, ஒட்டியிருக்கும் தூளைத் தட்டிவிடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி நீரில் அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்து, அதை வேப்பங்குச்சியின் நுனியில் தொட்டு அட்டையில் எழுதினால், நிறமே இல்லாத அந்த நீர் மஞ்சளைத் தொட்ட இடமெல்லாம் செம்பழுப்பாக மாறும்.

ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதே காரணத்தால்தான்: மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரத்தன்மை உள்ள பொருளைத் தொட்டால் சிவக்கிறது. சுண்ணாம்புத் தெளிநீரில் எழுதினால் இன்னும் நல்ல சிவப்பு வரும்; ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் பிள்ளைகளுக்கு ஆப்ப சோடாவே போதும். எழுத்து குண்டாக இருக்கட்டும், மெல்லிய கோடுகள் கலங்கிப்போகும். அட்டையைப் பையின் நாடாவில் துளையிட்டுக் கட்டுங்கள், உள்ளே போட்டால் பலகாரத்தில் மஞ்சள் ஒட்டும்.

என்ன எழுதுவது

இந்த அட்டையில் நான்கைந்து சொல்லுக்கு மேல் இடம் இருக்காது; அதனால் உதவியின் பெயரையே எழுதிவிடுங்கள். ‘தங்கள் அன்புக்கு மிக்க நன்றி’ என்பது யாருக்கும் எழுதக்கூடிய வரி. ‘மாடி வீட்டு அக்காவுக்கு, மழையில் எடுத்த துணிக்கு’ என்பது அவருக்கு மட்டுமே உரிய வரி. தான் செய்ததை நாம் கவனித்திருக்கிறோம் என்பதை அறிந்தால் அவர் முகம் மலர்வதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இன்னும் இரண்டு வரி எழுத வேண்டுமென்றால், அந்த உதவியால் நம் வீட்டில் என்ன நடந்தது என்பதை எழுதலாம்: அந்தத் துணியில்தான் மறுநாள் பள்ளிக்குப் போட வேண்டிய சீருடை இருந்தது. பருப்புப் பொடி கொடுத்தால், அரைத்த தேதியையும் எத்தனை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பதையும் அட்டையின் பின்புறம் பேனாவால் குறிப்பது அவசியம். கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பதால் சேர்த்த பொருள்களையும் எழுதிவிடுங்கள்.

கொண்டுபோய்ச் சேர்த்தல்

சாப்பாட்டு நேரத்திலும் விளக்கு வைக்கும் நேரத்திலும் போவதைத் தவிர்த்து, பத்து மணிக்கு மேலோ மாலை நான்கு மணி அளவிலோ போவது வசதி. வாசலில் நின்று கொடுத்துவிட்டு, “எதுக்கும்மா இதெல்லாம்?” என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லித் திரும்பிவிடலாம். நீண்ட விளக்கம் கொடுத்தால் கொடுப்பது கடன் தீர்ப்பது போலாகிவிடும்.

எதிர்வீட்டு அக்காவுக்கு நான் பிறகு செய்ததையும் சொல்ல வேண்டும். அவர் மாமனார் திவசம் முடிந்த மறுவாரம் பன்னிரண்டு மாவுருண்டைகளை ஒரு சுருக்குப்பையில் கட்டி, ‘ஒன்பது நாள் ரசத்துக்கு’ என்று அட்டையில் எழுதிக் கொண்டுபோனேன். அவர் அட்டையைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் அந்த உருண்டைகளைச் சம்படத்தில் கொட்டிவிட்டு, பையை உதறி மடித்தார்; பிறகு அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், கொல்லைப்பக்கம் போய் ஐந்து நெல்லிக்காயைப் பறித்து அதில் போட்டு நாடாவை இழுத்து என் கையில் கொடுத்தார்.